முகவரி யாருடைய சொத்து?

2025 ஜூலை மாதத்தின் பிற்பகுதியில், குஜராத் மாநிலம் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலையை நடத்துகிற நயாரா எனர்ஜி நிறுவனத்தின் ஊழியர்களால் தங்களது மின்னஞ்சலைத் திறக்க முடியவில்லை. அஞ்சல் பெட்டிகள் வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தன. பூட்டியது மைக்ரோசாஃப்ட். நயாராவின் பங்குகளில் 49.13 சதவீதம் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் நிறுவனத்திடம் இருப்பதைக் காரணம் காட்டி, ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் அந்நிறுவனத்தின் மீது தடை விதித்திருந்தது. பணம் செலுத்திப் பெற்ற சேவையை நிறுத்தும்படி இந்தியச் சட்டமோ அமெரிக்கச் சட்டமோ கோரவில்லை என்று கூறி நயாரா தில்லி உயர்நீதிமன்றத்தை அணுகியது. ஜூலை 30 அன்று பூட்டு திறக்கப்பட்டது. இடைப்பட்ட நாட்களில் அந்த நிறுவனம் ரெடிஃப் மின்னஞ்சலில் தஞ்சம் புகுந்திருந்தது.

நயாராவுக்காகக் கண்ணீர் சிந்த உழைப்பாளி மக்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால், இந்திய மண்ணில் இயங்கும் ஓர் எண்ணெய் நிறுவனம் தனது சொந்த ஊழியர்களுடன் கடிதம் எழுதிக்கொள்ளலாமா கூடாதா என்பதை, பிரஸ்ஸல்ஸில் எடுக்கப்பட்ட ஒரு முடிவைக் காட்டி ஓர் அமெரிக்க நிறுவனம் தீர்மானித்தது என்ற உண்மை சாதாரணமானதல்ல. நெதன்யாகு மீது பிடியாணை கோரிய சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் தலைமை வழக்குரைஞர் கரீம் கான் மீது 2025 பிப்ரவரியில் டிரம்ப் நிர்வாகம் தடை விதித்தது. அதன்பின் அவர் மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சலை இழந்து வேறொரு சேவைக்கு மாற நேர்ந்தது என்று அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் மே மாதத்தில் செய்தி வெளியிட்டது. நீதிமன்றத்திற்கான சேவையைத் தான் நிறுத்தவில்லை என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. மறுப்பு எப்படியிருப்பினும், அந்த நீதிமன்றம் பிறகு மாற்று மென்பொருளைத் தேடத் தொடங்கியது. உயர்நீதிமன்றத்தில் மூத்த வழக்கறிஞர்களை நிறுத்த வசதி படைத்த நிறுவனத்திற்கும், ஒரு சர்வதேச நீதிமன்றத்தின் தலைமை வழக்குரைஞருக்குமே இந்த நிலை என்றால், ஒரு கட்டுமானத் தொழிலாளர் சங்கத்தின் மாவட்ட அலுவலகம் எந்த நம்பிக்கையில் தன் முகவரியைத் துண்டறிக்கையில் அச்சிடுகிறது?

இலவச முகவரியின் விலை

நாடு முழுவதும் சங்க அலுவலகங்களில் காணப்படும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். முன்னாள் செயலாளர் ஒருவர் பத்தாண்டுகளுக்கு முன் தன் கைபேசி எண்ணைக் கொடுத்துத் தொடங்கிய ஜிமெயில் கணக்கே சங்கத்தின் முகவரி. தொழிலாளர் துறைக்கு அனுப்பிய வேலைநிறுத்த அறிவிப்புகள், நிர்வாகத்தின் பதில்கள், சமரசப் பேச்சுவார்த்தைக் குறிப்புகள் அனைத்தும் அதற்குள் இருக்கின்றன. அவர் ஊர் மாறுகிறார், அல்லது காலமாகிறார். அவருடைய எண் செயலிழக்கிறது. குறைந்தது 90 நாட்கள் கழிந்தபின் அதே எண் வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். கணக்கைத் திறக்க வேண்டிய ஓடிபி, யாரென்றே தெரியாத ஒருவரின் கைபேசிக்குப் போகிறது. முறையிட அலுவலகமும் இல்லை, மனு வாங்க அதிகாரியும் இல்லை. இரண்டாண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் விதியை 2023 மே மாதத்தில் அறிவித்த கூகுள், அந்த ஆண்டு டிசம்பர் முதல் அதைச் செயல்படுத்தத் தொடங்கியது. ஒரு சங்கத்தின் பத்தாண்டு வரலாறு இவ்வாறு எவருடைய தீர்மானமும் இன்றி மறைந்துபோக முடியும்.

இது கூகுளோடு நிற்பதல்ல. இந்தியாடைம்ஸ் தனது மின்னஞ்சல் சேவையை 2013இல் மூடியது. எத்தனையோ அமைப்புகள் விவாதக் களமாகப் பயன்படுத்திய யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் முற்றாக மூடப்பட்டன. அதே யாஹூவின் 300 கோடிக் கணக்குகளும் 2013இல் நடந்த ஊடுருவலில் களவு போயிருந்தன என்பது 2017இல்தான் ஒப்புக்கொள்ளப்பட்டது. லாபம் வரும்வரை சேவை, அதன்பின் கதவடைப்பு என்பதே தொழில் விதி.

பொதுத்துறையின் கதையும் மறக்கத்தக்கதன்று. 1995 ஆகஸ்ட் 15 அன்று இந்திய மக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது விஎஸ்என்எல் என்ற பொதுத்துறை நிறுவனம். நாட்டில் பலரது முதல் மின்னஞ்சல் முகவரியே அந்நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருந்தது. 2002இல் வாஜ்பாய் அரசு அதன் 25 சதவீதப் பங்கை 1,439 கோடி ரூபாய்க்கு டாட்டாக்களிடம் விற்று நிர்வாகத்தையும் ஒப்படைத்தது. இடதுசாரிகளும் தொழிற்சங்கங்களும் அன்று எதிர்த்தபோது, அது பழைய பஞ்சாங்கம் என்று ஏளனம் செய்யப்பட்டது. எஞ்சியிருந்த அரசுப் பங்கும் 2021இல் விற்கப்பட்டுவிட்டது. மின்னஞ்சலை அஞ்சல் நிலையம் போன்றதொரு பொதுச்சேவையாக வளர்த்திருக்கக்கூடிய கருவி இவ்வாறு கைமாறியது.

பொறியாளரின் கோட்டை

இந்த நிலைமை கண்டு கொதிப்படைந்த இளம் பொறியாளர்கள் பலர், சொந்த மின்னஞ்சல் சர்வர் ஒன்றைத் தாங்களே நிறுவிக்கொள்வதே தீர்வு என்று வாதிடுகின்றனர். வாதத்தில் பாதி முற்றிலும் சரியானது.

மின்னஞ்சலின் அடிப்படை விதிமுறையான எஸ்எம்டிபி, 1982 ஆகஸ்டில் ஜோன் போஸ்டல் எழுதிய ஆவணமாக வெளியானது. அது எவருடைய தனிச்சொத்தும் அல்ல. ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குக் கடிதம் கொண்டுசெல்ல யாரிடமும் உரிமம் பெற வேண்டியதில்லை. போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வாட்ஸ்அப் வைத்திருப்பவர் வாட்ஸ்அப்பிலேயே பேச வேண்டும் என்ற சிறை மின்னஞ்சலில் இல்லை. முதலாளித்துவ இணையத்திற்குள் எஞ்சி நிற்கும் பொது நிலங்களில் இதுவும் ஒன்று என்பதை அந்த இளைஞர்கள் சரியாகவே கண்டுகொண்டுள்ளனர்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? சர்வரை நிறுவுவது ஒரு வார இறுதியில் முடிகிற வேலை. கடிதங்கள் வந்து சேரவும் தொடங்கிவிடும். அனுப்பும்போதுதான் சோதனை. வீட்டு இணைய இணைப்புகளில் மின்னஞ்சல் வெளியேற வேண்டிய 25ஆம் எண் வாயில் பெரும்பாலும் அடைக்கப்பட்டிருக்கிறது. நிலையான ஐபி முகவரிக்குத் தனிக் கட்டணம். வாடகைக்குக் கணினி தரும் பெருநிறுவனங்கள் பலவும் அதே வாயிலை முன்கூட்டியே மூடிவைத்திருக்கின்றன. அதையும் கடந்து, ஐபி முகவரியிலிருந்து பெயரைக் காட்டும் பதிவு, எந்த சர்வர் அனுப்பலாம் என்று அறிவிக்கும் எஸ்பிஎஃப், ஒவ்வொரு கடிதத்திலும் இடப்படும் டிகேஐஎம் கையொப்பம், இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று கூறும் டிமார்க் ஆகிய அனைத்தையும் பிழையின்றி அமைத்தாலும், ஜிமெயிலுக்கோ அவுட்லுக்கிற்கோ அனுப்பிய கடிதம் ஸ்பேம் பெட்டியில் விழலாம். சில நேரங்களில் அங்கும் விழாது. காரணம் சொல்லப்படுவதில்லை. அந்த ஐபி முகவரியை அதற்கு முன் வாடகைக்கு வைத்திருந்தவர் செய்த குற்றத்திற்கும் புதிதாக வந்தவரே தண்டனை அனுபவிப்பார். இருபத்து மூன்று ஆண்டுகள் சொந்த சர்வர் நடத்திய ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் ஒருவர், சில பெருநிறுவனங்களின் கூட்டு ஆதிக்கம் வென்றுவிட்டது என்று 2022இல் பகிரங்கமாக அறிவித்துவிட்டு முயற்சியைக் கைவிட்டார்.

குப்பை அஞ்சலைத் தடுப்பது உண்மையான தேவை என்பதை மறுக்க வேண்டியதில்லை. மேற்சொன்ன சோதனைகள் ஒவ்வொன்றும் அதற்காகவே தோன்றியவை. ஆனால் தேவை உண்மையானது என்பதால் காவலாளியும் நடுநிலையானவர் என்றாகிவிடாது. உலகின் அஞ்சல் பெட்டிகளில் பெரும்பகுதி இரண்டு மூன்று நிறுவனங்களின் கையில் குவிந்தபின், அந்நிறுவனங்களின் உள் விதிகளே உலகின் சட்டமாகின்றன. 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் மொத்தமாக அஞ்சல் அனுப்புவோருக்குப் புதிய நிபந்தனைகளை விதித்தன. நிபந்தனைகளில் பல நியாயமானவையே. அவற்றை எந்த நாடாளுமன்றமும் விவாதிக்கவில்லை, எந்த ஒழுங்குமுறை ஆணையமும் பரிசீலிக்கவில்லை என்பதே பிரச்சினை. பொது நிலத்திற்கு வேலி போட நிலத்தைப் பிடுங்க வேண்டியதில்லை. அதற்குச் செல்லும் ஒரே பாதையைக் கைப்பற்றினால் போதும். ஏகபோகம் என்பது போட்டியின் வயிற்றிலிருந்தே பிறக்கிறது என்பதற்கு நாற்பதாண்டு மின்னஞ்சல் வரலாறு எளிய பாடநூல்.

பொறியாளரின் கோட்டைக்கு இன்னொரு குறையும் உண்டு. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வண்டி ஓட்டும் தொழிலாளியால் இரவில் அமர்ந்து சர்வர் பதிவேடுகளைச் சரிபார்க்க முடியாது. அங்கன்வாடி ஊழியரிடம் மென்பொருளைப் புதுப்பிக்கவில்லையா என்று கேட்பது அநாகரிகம். நேரமும் திறனும் பணமும் உள்ள ஒருவர் தன்னை மட்டும் விடுவித்துக்கொள்வது விடுதலை ஆகாது. போதாக்குறைக்கு, அந்த ஒருவர் மட்டுமே கடவுச்சொல்லை அறிந்திருக்கும் சர்வர், முன்னாள் செயலாளரின் ஜிமெயிலைவிட எந்த வகையிலும் பாதுகாப்பானதல்ல.

சுதேசி என்னும் மயக்கம்

இந்தக் கேள்விக்கு ஒன்றிய அரசு வைத்திருக்கும் பதில் ‘சுதேசி’. 2025 அக்டோபர் 8 அன்று உள்துறை அமைச்சர் அமித் ஷா தாம் ஸோஹோ மின்னஞ்சலுக்கு மாறிவிட்டதாக அறிவித்தார். அமைச்சர்கள் வரிசைகட்டிப் பின்தொடர்ந்தனர். பிரதமர் அலுவலகம் உட்பட சுமார் 12 லட்சம் ஒன்றிய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல், அரசின் சொந்த அமைப்பான தேசியத் தகவலியல் மையத்திலிருந்து சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் மேடைக்கு மாற்றப்பட்டுவிட்ட செய்தியும் அதே மாதத்தில் வெளிவந்தது. அதற்கான ஏழாண்டு ஒப்பந்தம் 2023லேயே முடிவாகியிருந்தது.

ஸோஹோ தமிழ்நாட்டில் உருவான நிறுவனம், தென்காசி வரை வேலைவாய்ப்பைக் கொண்டுசென்ற நிறுவனம் என்பதெல்லாம் உண்மைதான். அதன் பொறியாளர்களின் திறமையை யாரும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 1976 முதல் இயங்கிவரும் ஒரு பொது அமைப்பின் வேலை தனியாரிடம் கைமாறுவதற்குச் சுதேசி என்று பெயர் சூட்டினால் அது தனியார்மயம் இல்லை என்றாகிவிடுமா? அமெரிக்க ஏகபோகத்தின் பூட்டுக்குப் பதில் உள்நாட்டுத் தனியார் பூட்டு வரும்போது, சாவி மக்களின் கைக்கு வந்துவிட்டதாகக் கொண்டாடுவது ஏமாற்று. உள்துறை அமைச்சரின் கட்டளையை மறுக்க அமெரிக்க நிறுவனத்திற்கு இருக்கும் வலுவைவிட, அரசு ஒப்பந்தத்தை நம்பியிருக்கும் உள்நாட்டு நிறுவனத்திற்கு இருக்கும் வலு குறைவு என்பதும் எண்ணிப்பார்க்கத்தக்கது.

இந்த மாற்றத்தில் பலரும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. 12 லட்சம் பேரின் அஞ்சல் பெட்டிகளும் இடம் மாறின; ஒருவரது முகவரிகூட மாறவில்லை. ஏனெனில் அந்த முகவரிகளில் @ குறிக்குப் பின்னால் வருகிற ஜிஓவி.இன், என்ஐசி.இன் என்ற டொமைன் பெயர்கள் அரசின் கையில் இருக்கின்றன. கடிதங்களை எந்த சர்வர் பெற வேண்டும் என்று அந்தப் பெயரின் கீழ் உள்ள ஒரு வரிப் பதிவு சொல்கிறது. பதிவை மாற்றினால் அஞ்சல் புதிய இடத்திற்குப் போகும். எழுதுபவர் அறியவே தேவையில்லை. நிரந்தர முகவரியின் இரகசியம் இதில்தான் இருக்கிறது. சர்வர் பழுதாகலாம், நிறுவனம் மூடலாம், வாடகை உயரலாம். பெயர் யாருடையதோ முகவரி அவருடையது. தனக்கென்று வரும்போது ஆளும் வர்க்கத்தின் அரசு இதைத் துல்லியமாகப் புரிந்துவைத்திருக்கிறது. குடிமக்களுக்கு அதே வசதியைத் தருவது பற்றி மட்டும் பேச்சில்லை.

கைபேசி எண்ணில் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. ஏர்டெல்லிலிருந்து பிஎஸ்என்எல்லுக்கு மாறினாலும் அதே எண்ணை வைத்துக்கொள்ளும் உரிமை 2010 நவம்பரில் ஹரியானாவிலும், 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. ஒழுங்குமுறை ஆணை கட்டாயப்படுத்தியதால்தான் தொலைபேசி நிறுவனங்கள் பணிந்தன. மின்னஞ்சல் நிறுவனங்கள் மீது அப்படியொரு கட்டாயம் ஏன் இல்லை? வெளியேறும் பயனாளருக்கு வரும் கடிதங்களைக் குறிப்பிட்ட ஆண்டுகள் வரை புதிய முகவரிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று சட்டம் இயற்றுவதில் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. சிறிய சர்வரிலிருந்து வரும் கடிதத்தை நிராகரித்தால் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும், மேல்முறையீட்டிற்கு வழி இருக்க வேண்டும் என்று விதிப்பதிலும் தடையில்லை. ஒன்றரை லட்சத்திற்கும் மேற்பட்ட நிலையங்களைக் கொண்ட அஞ்சல் துறை, விரும்பும் ஒவ்வொரு குடிமகனுக்கும் வாழ்நாள் மின்னஞ்சல் முகவரி ஒன்றை வழங்க முடியும். கிராம அஞ்சல் ஊழியர்களை நிரந்தரப்படுத்த மறுக்கும் அரசு இதை முன்வந்து செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. போராடிப் பெற வேண்டிய கோரிக்கை இது.

ஒளிந்துகொள்வதற்கல்ல

அஞ்சல் துறையிடம் ஒப்படைத்தால் கண்காணிப்பு பெருகாதா என்ற ஐயம் நியாயமானது. 1924ஆம் ஆண்டின் கான்பூர் போல்ஷ்விக் சதி வழக்கு, அஞ்சலில் வழிமறித்துப் பிரிக்கப்பட்ட கடிதங்களின் மீதே பெரிதும் கட்டப்பட்டது. எம்.என்.ராயுடன் தொடர்பு வைத்திருந்ததாகச் சென்னையின் சிங்காரவேலரும் அதில் குற்றம் சாட்டப்பட்டார். பழைய 1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்திற்குப் பதிலாக மோடி அரசு கொண்டுவந்து 2024 ஜூனில் நடைமுறைப்படுத்திய புதிய அஞ்சல் சட்டமும் அஞ்சலை வழிமறிக்கும் அதிகாரத்தை அரசிடமே வைத்திருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆவது பிரிவின் கீழ், கணினித் தகவல்களை வழிமறிக்க 10 அமைப்புகளுக்கு 2018 டிசம்பரில் அதிகாரம் அளிக்கப்பட்டது. எனவே நீதிமன்ற ஆணையின்றி எந்தக் கடிதமும் திறக்கப்படக் கூடாது என்ற கோரிக்கையைப் பொது மின்னஞ்சல் கோரிக்கையிலிருந்து பிரிக்க முடியாது.

தனியாரிடம் இருந்தால் பாதுகாப்பு என்பதும் பொய். 2013 மார்ச் மாதம் ஒன்றில் மட்டும் இந்தியாவிலிருந்து 630 கோடித் தகவல் துணுக்குகளை அமெரிக்க உளவு நிறுவனம் திரட்டியதை ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் அம்பலப்படுத்தின. பீமா கோரேகான் வழக்கில் ரோனா வில்சனின் கணினிக்குள் தீநிரல் நுழைந்தது, வரவர ராவின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து 2016 ஜூனில் வந்த ஒரு கடிதத்தின் வழியே என்று ஆர்சனல் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனத்தின் அறிக்கை கூறியது. அவ்வழக்கில் சிறையிடப்பட்டோரின் மின்னஞ்சல் கணக்குகளில் மீட்பு முகவரியாகப் புனே காவல்துறை அதிகாரி ஒருவருடன் தொடர்புடைய விவரங்கள் சேர்க்கப்பட்டிருந்ததை 2022 ஜூனில் வயர்டு இதழ் வெளியிட்டது.

சொந்த சர்வர் இதைத் தடுத்திருக்குமா? உறுதியாகச் சொல்ல இயலாது. நண்பரின் பெயரில் வரும் நச்சுக் கடிதத்தை எந்த சர்வரும் தவறவிடக்கூடும். சோதனைக்கு வரும் அதிகாரிகள் வன்தட்டையே கழற்றிச் செல்லவும் முடியும். இத்தாலியில் 2001 முதல் இடதுசாரி இயக்கங்களுக்கு மின்னஞ்சல் வழங்கிவரும் ஆட்டிஸ்டிசி என்ற கூட்டமைப்பின் சர்வரை 2004இல் காவல்துறை இரகசியமாக நகலெடுத்தது. அது தெரியவந்ததே ஓராண்டிற்குப் பிறகுதான். அவர்கள் கடையை மூடவில்லை. தகவல்களைப் பல நாடுகளின் சர்வர்களில் பிரித்துவைக்கும்படி அமைப்பையே மாற்றிக் கட்டினார்கள். சியாட்டிலின் ரைஸ்அப் கூட்டமைப்பும் இருபதாண்டுகளுக்கு மேலாக இதே பணியைச் செய்கிறது. வெளிப்படையாக இயங்கும் வெகுஜன அமைப்புகளுக்கு மின்னஞ்சல் தேவைப்படுவது ஒளிந்துகொள்வதற்காக அல்ல. தொழிலாளி எழுதும் கடிதம் பத்தாண்டு கழித்தும் அதே வாசலில் வந்து சேர வேண்டும்; அதற்கான பதில் அமைப்பின் ஆவணமாக நிலைக்க வேண்டும். கூட்டாக நடத்தப்படும் சர்வர் அதைச் செய்யும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஒரு சங்கம் தனித்து சர்வர் நடத்துவது வீண் சுமை. ஐம்பது சங்கங்கள் சேர்ந்து நடத்தினால் செலவு அற்பம். நாள்தோறும் ஒழுங்காகக் கடிதம் அனுப்பும் சர்வருக்குப் பெரிய நிறுவனங்களின் வடிகட்டிகளிடமும் மதிப்பு கூடும். அதற்கான ஆற்றல் நாட்டில் இல்லாமலில்லை. இந்தியக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தில் பணியாற்றும் தொழில்நுட்ப ஊழியர்கள் பல மாநிலங்களில் இருக்கின்றனர். பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றிய கேரளம், இணையம் அடிப்படை உரிமை என்று அறிவித்து 2023 ஜூனில் கே-ஃபோன் வலையமைப்பைத் தொடங்கியது.

கூட்டு சர்வர் அமையும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லாத வேலை ஒன்று உள்ளது. அமைப்பின் பெயரில் ஒரு டொமைன் பெயரை இன்றே பதிவு செய்யலாம். ஆண்டுக்குச் சில நூறு ரூபாய், ஒரு கூட்டத்தின் தேநீர்ச் செலவு. அஞ்சல் பெட்டி தற்காலிகமாக எந்த நிறுவனத்திடமும் இருக்கட்டும். துண்டறிக்கையிலும் முத்திரைத்தாளிலும் அச்சாகும் முகவரி அமைப்பினுடையதாக இருக்கும், நாளை சர்வர் மாறினாலும் மாறாது. டொமைன் பெயரும் வாடகைதான் என்பது மறக்கக்கூடாத செய்தி. புதுப்பிக்கத் தவறினால் வேறொருவர் அதை வாங்கி, சங்கத்திற்கு வரும் கடிதங்களைத் தாமே பெற்றுக்கொள்ள முடியும். அந்த முகவரியைக் கொண்டு திறக்கப்பட்ட மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் மாற்ற முடியும். ஆகவே பதிவு தனிநபர் பெயரில் இருக்கக் கூடாது. புதுப்பித்தல் நினைவூட்டல் அதே டொமைனின் அஞ்சல் பெட்டிக்கு வரும்படி வைப்பதும் தவறு. பெயர் காலாவதியானால் நினைவூட்டலும் வந்து சேராது. கடவுச்சொல் மூன்று பொறுப்பாளர்களிடம் இருக்க வேண்டும், நிர்வாகிகள் மாறும் மாநாட்டில் கணக்குப் புத்தகத்தோடும் உறுப்பினர் பதிவேட்டோடும் சேர்த்து அதுவும் கையளிக்கப்பட வேண்டும். புதுப்பிக்கும் தேதி, சந்தா அட்டைப் புதுப்பிப்புக்கு அடுத்த வரியில், செயற்குழுவின் நிகழ்ச்சிநிரலில் இடம்பெற வேண்டும்.